தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை: லேபர் ரூமில் புதிதாக நிற்கும் டாக்டருக்கு

பிரசவம் பார்க்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஒரு தைரியம் வரும். தலை தெரியும், பெரினியத்தை, யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள சதையை, தாங்கிப் பிடிப்போம், தலை வெளியே வந்து பக்கவாட்டில் திரும்பும், ஒரு தோள், அப்புறம் இன்னொரு தோள், அதற்கடுத்த நொடி மொத்தக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு கையில் விழும். ஐம்பது முறை இப்படி நடந்தால் அடுத்ததும் இப்படித்தான் என்று கை பழகிவிடும். அந்தப் பழகிய கைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நடந்தபோது நான் முதுகலைப் படிப்பின் முதலாண்டில் இருந்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். சீனியர் ஆபரேஷன் தியேட்டரில் சிசேரியனில் நின்றுகொண்டிருந்தார். லேபர் ரூமில் நான், அனுபவமுள்ள ஒரு சிஸ்டர், ஒரு உதவியாளர். தாய்க்கு இரண்டாவது பிரசவம், சர்க்கரை இல்லை, ஸ்கேனில் எடை சாதாரணம். தலை வந்தது. வந்த தலை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டது, ஆமை ஓட்டுக்குள் தலையை இழுப்பதுபோல. இரண்டு கன்னமும் பிதுங்கி, தாடை உள்ளே புதைந்து, முகம் என் கண்ணெதிரே சிவப்பிலிருந்து கருநீலமாகிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தேன். வரவில்லை, இன்னும் பலமாக இழுத்தேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "டாக்டர், கையை எடுங்க" என்றார். சத்தம் போடவில்லை, அவ்வளவுதான் சொன்னார். அவரும் உதவியாளரும் தாயின் கால்களை மடக்கி வயிற்றோடு அழுத்தினார்கள். அதற்குப்பின் நான் தொட்ட மாத்திரத்தில் குழந்தை வந்துவிட்டது.

எடை 3.4 கிலோ. அழுதது. ஆனால் இடது கை அசையவில்லை. தோளிலிருந்து தொங்கி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. மூன்றாவது மாதத்தில் அந்தக் கை தலைக்கு மேல் உயர்ந்ததை வெளிநோயாளர் அறையில் நானே பார்த்தேன். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதை, தெரிந்தும் கைக்கு எட்டாமல் போனதை, வரிசையாக இங்கே சொல்கிறேன். உங்கள் பிரிவில் எழுதி ஒட்டியிருக்கும் நெறிமுறை ஒன்றிருக்கும், அதை முதலில் படியுங்கள். இது அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க.

சிக்கியிருப்பது எலும்பில்

இதன் பெயர் ஷோல்டர் டிஸ்டோஷியா. பெரும்பாலும் மேலே இருக்கும் தோள், அதாவது தாயின் முன்பக்கம் இருக்கும் குழந்தையின் தோள், தாயின் இடுப்புக்கூட்டின் முன்பக்கத்து எலும்பான பியூபிஸுக்குப் பின்னால் முட்டி நிற்கிறது. தலை கடந்துவிட்டது, தோள் கடக்கவில்லை. சாதாரணமாக இழுக்கும் அளவுக்கு இழுத்தும் தோள் வரவில்லை என்றால் அதுதான் நோய் நிர்ணயம், வேறு எந்தப் பரிசோதனைக்கும் நேரமில்லை.

தலையை இழுக்கும்போது தோள் எலும்பின் பின்னாலேயே நிற்கும், கழுத்து மட்டும் நீளும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து, பிரேக்கியல் பிளெக்ஸஸ், அங்கேதான் இருக்கிறது. கீழ்நோக்கி வளைத்து இழுத்தால் மேலே சிக்கிய பக்கத்து நரம்புகள் விறைத்து நீண்டு, மோசமான சமயத்தில் வேரோடு பிய்ந்துவிடும். முறுக்கினாலும் அதே கதி. சுவர் ஆணியில் மாட்டிய சட்டையைப் பிடித்து இழுத்து விடுவிக்க முடியாது, கிழியத்தான் செய்யும். சட்டையைக் கொஞ்சம் தளர்த்தித் தூக்க வேண்டும். அடுத்து வரும் எல்லா முறைகளும் அந்தத் தூக்குதலைத்தான் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன.

அதே காரணத்தால் வயிற்றின் உச்சியில், கருப்பையின் மேற்பகுதியில், யாரும் அழுத்தக் கூடாது. பதற்றத்தில் யாராவது ஒருவர் ஓடிவந்து மேலிருந்து தள்ளுவார். தோள் எலும்பில் இன்னும் இறுகும், கருப்பையே கிழியவும் வாய்ப்புண்டு. "மேலே கை வைக்காதீங்க" என்று சொல்வது உங்கள் பொறுப்பு.

எபிசியோடமி, அதாவது யோனிவாயைக் கத்தரித்து அகலமாக்குவது, போட்டால் தோள் விடுபடும் என்று நினைத்துக் கத்தரியைத் தேடவும் வேண்டாம். சதை தடுக்கவில்லை, எலும்பு தடுக்கிறது. கையை உள்ளே விட இடம் போதவில்லை என்றால் மட்டும் அது தேவை. இன்னொன்று, கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் தோள் வரும் முன்பே கிளாம்ப் போட்டு வெட்டிவிடாதீர்கள். கொடி நசுங்கியிருந்தாலும் அதன் வழியே கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். தோள் சிக்கிய குழந்தைக்கு அந்தக் கொஞ்சமும் பெரிது.

நேரம் எவ்வளவு இருக்கிறது? தலை வந்து ஐந்து நிமிடத்துக்குள் உடல் வந்துவிட்டால் மூளைக்கு ஆக்சிஜன் குறைவால் வரும் பாதிப்பு அரிது. பிரசவம் முழுக்க ஏற்கெனவே திணறிய குழந்தை என்றால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். ஐந்து நிமிடம் என்பது அவசரப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் ஒவ்வொரு முறைக்கும் முப்பது முதல் அறுபது நொடி கொடுத்து, ஒழுங்காகச் செய்து பார்க்கப் போதுமான நேரமும்கூட. நான் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு முறைகளை நிதானமாக முடித்திருக்கலாம்.

கட்டிலுக்கு வரும் முன்பே

தாய்க்குச் சர்க்கரை, பெரிய குழந்தை, போன பிரசவத்திலும் தோள் சிக்கியது, அதிக உடல் எடை, முக்கிப் பெறும் இரண்டாம் கட்டம் நீண்டது, தலையை எடுக்க வாக்யூம் அல்லது ஃபோர்செப்ஸ் கருவி போட்டது: இவை இருந்தால் சீனியரை முன்கூட்டியே லேபர் ரூமுக்குள் வரவழையுங்கள். கூச்சப்படாதீர்கள். ஆனால் இந்தப் பட்டியலை நம்பி உட்காரவும் முடியாது. யோனிவழிப் பிரசவங்களில் ஏறக்குறைய இருநூறில் ஒன்றில் தோள் சிக்குகிறது, அப்படிச் சிக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதி 4 கிலோவுக்குக் குறைவானவை. என் குழந்தை 3.4 கிலோ. ஸ்கேன் எடையும் துல்லியமானது கிடையாது. ஆகவே ஒவ்வொரு பிரசவத்திலும் இது வரும் என்று வைத்துக்கொண்டு நிற்பதே சரி.

நான் இப்போது டியூட்டி ஏற்றதும் செய்வது இதுதான். சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா, நொடிமுள் தெரிகிறதா என்று பார்க்கிறேன். உயரம் குறைந்தவர் ஏறி நிற்க ஒரு ஸ்டூல் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? கட்டிலின் தலைப்பகுதியைச் சட்டென்று தட்டையாக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது? குழந்தை வார்மரில் மூச்சுக் கொடுக்கும் பேக்கும் மாஸ்க்கும் இருக்கிறதா, பேக்கை அழுத்தினால் காற்று வருகிறதா என்று என் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். தாயின் மூத்திரப்பை நிரம்பியிருந்தால் காலி செய்கிறேன். அப்புறம் கூட நிற்கும் சிஸ்டரிடம், "தோள் சிக்கினா நீங்க வலது கால், அவங்க இடது கால்" என்று சொல்லிவைக்கிறேன். பத்து நொடி ஆகும். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், ஆனால் நேரம் வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

பொம்மை வைத்துப் பழகுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளம் டாக்டர்கள் பலர் இதைக் குழந்தைவிளையாட்டு என்று தவிர்க்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில், சவுத்மீட் மருத்துவமனையில், மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் சேர்ந்து இடுப்பெலும்பு மாதிரியிலும் பொம்மையிலும் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு தோள் சிக்கிய குழந்தைகளில் 9.3 சதவீதம் பேருக்குப் பிறக்கும்போது காயம் இருந்தது. பயிற்சிக்குப் பின் அது 2.3 சதவீதமாகக் குறைந்தது. 2008இல் வெளிவந்த கணக்கு அது. புது மருந்து எதுவும் வரவில்லை, புதுக் கருவியும் வரவில்லை. கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் இடத்தில் பொம்மை இல்லையென்றால் ஒரு துணிப் பொம்மையும், அடி வெட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போதும். கையை எந்தப் பக்கம் விடுவது என்பதாவது பழகும்.

முதல் பத்து நொடி: வாயைத் திறங்கள்

ஆமைத்தலை தெரிந்ததும் கையைத் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைச் சொல்வது எளிது, செய்வது மிகக் கடினம். உங்கள் உடம்பிலுள்ள ஒவ்வொரு நரம்பும் இழு இழு என்று கத்தும். எடுத்த கைக்கு வேறு வேலை கொடுங்கள்: அலார மணியை அழுத்தச் சொல்லிச் சைகை காட்டுங்கள், கட்டிலின் நெம்புகோலைக் காட்டுங்கள்.

பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "தோள் சிக்கியிருக்கு" என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். தப்பு நடந்துவிட்டதை ஒப்புக்கொள்வதுபோலத் தோன்றும். தப்பு எதுவும் நடக்கவில்லை, எலும்பில் முட்டியிருக்கிறது, அறையில் இருக்கும் ஆறு கைக்கும் அது தெரிந்தாக வேண்டும். சீனியர், குழந்தை டாக்டர், மயக்க டாக்டர், இன்னும் இரண்டு சிஸ்டர்கள், இத்தனை பேரையும் ஒரே அழைப்பில் வரச் சொல்லுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லி நேரம் குறிக்கச் சொல்லுங்கள்: தலை வந்த நேரம், அதற்குப்பின் ஒவ்வொரு முப்பது நொடிக்கும் ஒரு குரல். அந்தக் குரல் இல்லாவிட்டால் ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தெரியும், ஐந்து நிமிடம் ஒன்றாகத் தெரியும், இரண்டுமே ஆபத்து.

தாயிடமும் பேசுங்கள். அதுவரை முக்கு முக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், திடீரென்று நிறுத்தச் சொன்னால் அவர் பயப்படுவார். "அம்மா, குழந்தையோட தோள் மாட்டியிருக்கு, கொஞ்ச நேரம் முக்காதீங்க, நாங்க காலை மடக்கப் போறோம், அப்புறம் சொல்றேன்." இந்த ஒரு வாக்கியம் போதும். அவர் உங்கள் குரலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கால்கள்

தலையணையை உருவுங்கள், கட்டிலைத் தட்டையாக்குங்கள், தாயின் பின்பக்கம் கட்டிலின் விளிம்புக்கு வரட்டும். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர், ஸ்டிரப்பில், அதாவது கால்தாங்கியில், இருக்கும் கால்களை எடுத்து, முழங்காலை மடக்கி, தொடையை வயிற்றோடு சேர்த்து நன்றாக அழுத்த வேண்டும். பாதி மடக்கினால் பயனில்லை. தொடை வயிற்றைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

மெக்ராபர்ட்ஸ் முறை என்பது இதுதான். டெக்சாஸில் பணியாற்றிய வில்லியம் மெக்ராபர்ட்ஸ் பெயரில் 1983இல் மருத்துவ இதழில் வந்தது. இப்படி மடக்கும்போது முதுகெலும்பின் அடிவளைவு நேராகிறது, பியூபிஸ் எலும்பு தாயின் தலைப்பக்கமாக மேலே சுழல்கிறது. இடுப்புக்கூட்டின் அளவு மாறுவதில்லை, கோணம் மாறுகிறது. சட்டை ஆணியிலிருந்து நழுவுவது அந்தக் கோணத்தில்தான். பெரும்பாலான குழந்தைகள் இதிலேயே வந்துவிடுகின்றன, சில ஆய்வுகளில் 90 சதவீதம் வரை.

இப்போது தலையை மீண்டும் தொடலாம். ஆனால் வழக்கமான பிரசவத்தில் இழுக்கும் அதே அளவு, குழந்தையின் முதுகெலும்பு போகும் அதே நேர்க்கோட்டில். கீழே வளைக்காமல், பக்கவாட்டில் சாய்க்காமல், நடுங்கி நடுங்கி இழுக்காமல் ஒரே சீராக. வரவில்லையா, விட்டுவிடுங்கள். இரண்டாவது முறை கூடுதல் பலத்தோடு இழுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வரும். எனக்கு வந்தது இங்கேதான்.

அடிவயிற்றில் ஒரு கை

கால்களை அப்படியே பிடித்திருக்கட்டும். மூன்றாவது ஆள் ஸ்டூலில் ஏறி, பியூபிஸ் எலும்புக்குச் சற்று மேலே, இதய அழுத்தம் கொடுப்பதுபோல் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து என்பது முக்கியம். குழந்தையின் முதுகு இருக்கும் பக்கத்தில் நின்று, கீழ்நோக்கியும் குழந்தையின் மார்பை நோக்கியும் தள்ள வேண்டும். குழந்தையின் முகம் தாயின் இடது தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதுகு தாயின் வலப்பக்கம் இருக்கிறது, ஆகவே வலப்பக்கம் நின்று இடப்பக்கமாகத் தள்ளுங்கள். அப்படித் தள்ளும்போது தோள் முன்பக்கமாகக் குறுகும், அகலம் கொஞ்சம் குறையும், இடுப்புக்கூட்டின் சாய்ந்த விட்டத்துக்குத் திரும்பும். முப்பது நொடி விடாமல் அழுத்திப் பாருங்கள், நகரவில்லையென்றால் விட்டு விட்டு ஆட்டி அழுத்திப் பாருங்கள்.

அழுத்துபவருக்கு எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவருக்குக் குழந்தையின் முகம் தெரியாது. "சிஸ்டர், அம்மாவோட வலது பக்கம் வாங்க, என் பக்கமா வேண்டாம், எதிர்ப்பக்கமா தள்ளுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கையை உள்ளே விடும்போது

புதிய டாக்டர்கள் தயங்கி நேரத்தை இழப்பது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இறுக்கமான வளையலைப் போடும்போது கையை எப்படிக் குவிப்போம்? ஐந்து விரலையும் சேர்த்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, கையையே ஒரு கூம்பாக்கி நுழைப்போம் அல்லவா, அதே கைதான் இதற்கும். இரண்டு விரல் மட்டும் விட்டுத் துழாவினால் ஒன்றும் எட்டாது. முழுக்கை போக வேண்டும்.

எங்கே விடுவது? மேலே, தோள் முட்டியிருக்கும் இடத்தில், விடத் தோன்றும். அங்கே இடமே இல்லை. கீழே, தாயின் ஆசனவாய்ப் பக்கமாக, ஆறுமணி முள்ளின் திசையில் விடுங்கள். அங்கே முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம் எலும்பு உள்வாங்கி வளைந்திருக்கிறது, இடுப்புக்கூட்டிலேயே தாராளமான குழிவு அது. கை மணிக்கட்டுவரை போய்விடும் என்று முதல்முறை செய்யும்போது நம்பவே முடியாது. குழந்தையின் முகம் உங்கள் வலப்பக்கம் பார்த்தால் வலக்கை, இடப்பக்கம் பார்த்தால் இடக்கை. அப்போது உங்கள் உள்ளங்கை குழந்தையின் மார்புப் பக்கம் வரும்.

உள்ளே போன விரல்களுக்கு முதலில் பின்தோள், அதாவது தாயின் முதுகுப்பக்கம் இருக்கும் தோள், தட்டுப்படும். அதிலிருந்து மேற்கை வழியாக முழங்கைக்கு இறங்குங்கள். பல குழந்தைகள் கையை மடக்கி மார்பின்மேல் வைத்திருக்கும், அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த மணிக்கட்டை விரல்களால் பற்றி, மார்பின் குறுக்காக, முகத்தைத் தடவிக்கொண்டு போவதுபோல வெளியே கொண்டுவாருங்கள். கை நீட்டியிருந்தால் முழங்கை மடிப்பில் விரலால் அழுத்துங்கள், மடங்கும், பிறகு மணிக்கட்டைப் பிடியுங்கள். மேற்கையைப் பிடித்து நேராக இழுக்காதீர்கள், எலும்பு முறியும். சரியாகச் செய்யும்போதும் சில சமயம் மேற்கை எலும்பு முறிவதுண்டு. அந்த எலும்பு பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களில் கூடிவிடும். பிய்ந்த நரம்பு அப்படிக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால் தயங்காதீர்கள்.

பின்கை வெளியே வந்ததும் தோள்களின் அகலம் குறைந்து, மேலே முட்டியிருந்தது தானாக இறங்கும்.

கை எட்டவில்லையென்றால் சுழற்றிப் பார்க்கலாம். பின்தோளின் முதுகுப்பக்கம் விரல்களை வைத்து மார்பை நோக்கி அழுத்தினால் தோள் குறுகித் திரும்பும். நகரவில்லையா, தோளின் மார்புப்பக்கம் வைத்து எதிர்த்திசையில் அழுத்துங்கள். அதே நேரம் அடிவயிற்றில் அழுத்துபவரும் உங்களோடு ஒரே திசையில் சுழற்றுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருவர் செய்வதை இன்னொருவர் கலைத்துக்கொண்டிருப்பீர்கள். கையை முதலில் எடுப்பதா, சுழற்றலை முதலில் செய்வதா என்று புத்தகங்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை. என் கைக்குப் பின்கை முறை நன்றாகப் பழகியிருக்கிறது, அதனால் நான் அதையே முதலில் செய்கிறேன். உங்கள் கைக்கு எது பழகியதோ அதைச் செய்யுங்கள்.

தாயைப் புரட்டுவது

நான்கு கால் நிலை, அதாவது தாய் கையும் முழங்காலும் ஊன்றிக் குனிந்திருப்பது. குவாத்தமாலா மருத்துவச்சிகளின் வழக்கத்திலிருந்து இனா மே காஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவச்சி கற்றுக்கொண்டு பரப்பியதால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். முதுகில் எபிடூரல் வலிமறுப்பு ஊசி போடாத, உடம்பைத் தூக்கித் திருப்ப முடிகிற தாய்க்கு இது நல்ல வழி. உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில், நீங்களும் தாயும் மட்டுமே இருக்கும்போது, உள்ளே கை விடும் முன்பே இதைச் செய்து பார்க்கலாம். புரண்டதும் மேல் கீழ் மாறிவிடும், அதை மட்டும் மனதில் வையுங்கள்: சேக்ரத்தின் குழிவு இப்போது மேலே இருக்கிறது, இழுப்பதும் கை விடுவதும் அதன்படி.

இவை எதுவும் பலிக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை செய்யுங்கள், வேறொருவர் கையால் முடிந்தால் இன்னும் நல்லது. அதையும் தாண்டிய வழிகள் உண்டு, தலையை மீண்டும் உள்ளே தள்ளிச் சிசேரியனுக்குப் போவது போன்றவை. அவை சீனியரின் முடிவு. உங்கள் வேலை, அவர் வந்து நிற்கும்போது இதுவரை என்னென்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரே மூச்சில் சொல்வது.

குழந்தை கையில் வந்ததும்

எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். இப்படிப் பிறக்கும் குழந்தை துவண்டு, வெளுத்து இருக்கலாம். துடைத்து, சூடாக வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லை, அல்லது இதயத்துடிப்பு 100க்குக் கீழே என்றால் முதல் நிமிடம் முடிவதற்குள் மாஸ்க் வைத்து நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். மாஸ்க்கின் விளிம்பு முகத்தோடு ஒட்டுகிறதா, மார்பு எழும்புகிறதா, இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள். குழந்தை டாக்டர் வந்துவிட்டால் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுத் தாயிடம் திரும்புங்கள். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க மனம் கெஞ்சும். திரும்பியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த ஆபத்து கட்டிலில் இருக்கிறது.

தோள் சிக்கிய பிரசவத்துக்குப்பின் பத்தில் ஒரு தாய்க்காவது அதிக ரத்தப்போக்கு வருகிறது. குழந்தை வந்ததும் கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போயிற்றா என்று கேளுங்கள், போட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றில் கை வைத்துக் கருப்பை கல்போல இறுகியிருக்கிறதா, மாவுபோலத் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் தேய்த்துவிடுங்கள். நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, விளிம்பு கிழிந்திருக்கிறதா? கருப்பை இறுகியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் எங்கோ கிழிசல் இருக்கிறது, நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்க்காமல் தையல் போடத் தொடங்காதீர்கள், அங்கே உள்ள தசை கிழிந்திருந்து அதைக் கவனிக்காமல் மேலே மட்டும் தைத்துவிட்டால் அந்தப் பெண் வருடக்கணக்கில் கஷ்டப்படுவார், வெளியே சொல்லவும் மாட்டார்.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவோம். அளவு குறித்த பை அடியில் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் நனைந்த துணிகளை எடைபோடுங்கள். 500 மில்லியைத் தாண்டினால் டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் ரத்தக்குழாய் வழியாகப் பத்து நிமிடத்தில் போக வேண்டும், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். இருபதாயிரம் பெண்களுக்கு மேல் பங்கெடுத்த, 2017இல் முடிவு வெளிவந்த வுமன் (WOMAN) என்ற ஆய்வு சொன்னது, இந்த மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைகிறது என்று. ரத்த அழுத்தம் இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், இளம் பெண்களுக்கு அது கடைசியில்தான் இறங்கும். நாடித்துடிப்பு முன்பே ஏறிவிடும்.

எழுதுவது

கை நடுங்கினாலும் அந்த மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், எந்தத் தோள் முன்னால் இருந்தது, என்ன முறை எந்த வரிசையில், எத்தனை நொடி, யார் யார் எப்போது வந்தார்கள், பிறந்ததும் குழந்தையின் நிலையை மதிப்பிடும் ஆப்கார் எண், கொடி ரத்தப் பரிசோதனை முடிவு, இரண்டு கையும் அசைந்தனவா. முன்னால் இருந்தது எந்தத் தோள் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பின்னால் கை அசையவில்லை என்று தெரியும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். நேரம் குறித்தவரின் காகிதத்தை, அது கையுறை உறையின் பின்பக்கமாக இருந்தாலும், கேஸ் ஷீட்டோடு சேர்த்துவிடுங்கள். நினைவிலிருந்து அழகாக்கி எழுதாதீர்கள்.

தாயிடம் போய் உட்காருவது

நான் அன்றைக்குச் செய்யாமல் விட்ட இன்னொன்று இது. தையல் போட்டேன், எழுதினேன், அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டேன். காலையில் ரவுண்ட்ஸில் அவர் என்னிடம் கேட்டார், "நான் சரியா முக்காததால தான் இப்படி ஆச்சா டாக்டர்?" இரவு முழுக்க அவர் அதையே நினைத்துக்கொண்டு, அசையாத அந்தக் கையைத் தடவிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஐந்து நிமிடம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த இரவு அவருக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

ஆகவே போங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருங்கள். தோள் எலும்பில் சிக்கியது, அது அவர் செய்த எதனாலும் வரவில்லை, நாங்கள் இன்னின்னது செய்தோம், குழந்தையின் கையை இன்று ஒரு டாக்டர் பார்ப்பார், அசைவு குறைவாக இருந்தால் பிசியோதெரபி தொடங்கும், பெரும்பாலான கைகள் சில மாதங்களில் தேறுகின்றன, எல்லாமும் தேறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இவ்வளவையும் ஒரே நேரத்தில் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார், மறுநாளும் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் தவறாக ஏதாவது செய்திருந்தால் முதலில் சீனியரிடம் சொல்லிவிட்டு, அவரோடு சேர்ந்துபோய் அதையும் சொல்லுங்கள். நான் இழுத்ததைச் சொன்னபோது அந்தத் தாய் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இனி யாருக்கும் அப்படி இழுக்காதீங்க" என்றார்.

கூட நின்ற சிஸ்டரோடும் உதவியாளரோடும் அன்றே ஒரு பத்து நிமிடம் பேசுங்கள்: எது சீக்கிரம் நடந்தது, எங்கே தாமதமானது, ஸ்டூல் எங்கே போயிருந்தது. அடுத்த பிரசவத்தை உடனே தனியாக எடுக்க வேண்டாம், தண்ணீர் குடியுங்கள், முடிந்தால் ஒருவரை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு வேலை மிச்சமிருக்கும். ஒருமுறை தோள் சிக்கியவருக்கு அடுத்த பிரசவத்திலும் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அடுத்தமுறை அவர் எங்கே போவார், அங்கே யார் டியூட்டியில் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் சுருக்கெழுத்தில் கிறுக்காமல், அவரே படித்துப் புரிந்துகொள்ளும்படி அவர் மொழியில், "இந்தப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கியது. அடுத்தமுறை கர்ப்பமானதும் இந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டவும்" என்று எழுதி, அவரையே ஒருமுறை வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.